நேரத்தை நீளமாக்கிய குழாய்

வேதிவினை ஒன்றைக் கரும்பலகையில் எழுதிக் காட்டும் ஆசிரியர், வினைபடும் பொருள்களை இடப்புறத்திலும் விளையும் பொருள்களை வலப்புறத்திலும் எழுதி, இடையே ஓர் அம்புக்குறி இடுவது வழக்கம். அந்தச் சிறு கோட்டிற்குள் ஒடுங்கிக் கிடப்பது காலம். இரும்பு துருவேறத் திங்கள் பல ஆகும். அமிலமும் காரமும் கூடி உப்பும் நீரும் ஆவதற்குக் கண்ணிமைப் பொழுதில் ஆயிரத்தில் ஒரு பங்கும் வேண்டுவதில்லை. ஆயினும் ஏட்டில் இரண்டிற்கும் ஒரே நீள அம்புக்குறிதான். அந்தக் குறிக்குள் என்ன நிகழ்கிறது, எத்தனை விரைவில் நிகழ்கிறது என்று காண முனைந்தவர்களின் வரலாறு பெரும்பாலும் கண்ணாடிக் குழாய்களின் வரலாறாகவே அமைந்துவிட்டது. இன்று ஆய்வுக்கூடங்களில் தபால்தலை அளவுச் சில்லு ஒன்றில் முடியிழையிலும் மெல்லிய வாய்க்கால்களைச் செதுக்கி, அவற்றில் நீர்மங்களை ஓடவிட்டு வினைகளை ஆராய்கின்றனர். நுண்பாய்மக் கருவி என்று தமிழில் வழங்கத்தக்க இச்சில்லு, கணிப்பொறி யுகத்தின் புதுப்பிள்ளை என்று பலரும் கருதுவர். அதன் மூதாதையோ 1923ஆம் ஆண்டிலேயே பிறந்துவிட்டது.

தொடக்கத்தில் வினைகளின் விரைவை அளப்பதற்குப் பொறுமை ஒன்றே போதுமாயிருந்தது. ஜெர்மானிய அறிஞர் லுட்விக் வில்ஹெல்மி 1850ஆம் ஆண்டில் கரும்புச் சர்க்கரைக் கரைசலில் அமிலத்தைச் சேர்த்து, அச்சர்க்கரை சிதைவதை அளந்தார். ஒரே தளத்தில் அதிரும் ஒளியைச் சர்க்கரைக் கரைசல் ஒரு பக்கமாகத் திருப்பும். சர்க்கரை சிதையச் சிதைய அத்திருப்பம் குறைந்து, பின்னர் எதிர்ப்பக்கம் சாயும். கரைசலைத் தொடாமலே, ஒளியின் சாய்வை மட்டும் குறித்துக்கொண்டு, எஞ்சியுள்ள சர்க்கரைக்கு ஏற்ற வீதத்திலேயே வினை நடைபெறுகிறது என்று அவர் கண்டார். அந்த வினை மெல்ல நடப்பது; சுவர்க் கடிகாரமே அதற்குப் போதும். வில்ஹெல்மியின் கட்டுரையைப் பல்லாண்டுகள் ஒருவரும் பொருட்படுத்தவில்லை என்பது தனிக்கதை.

அதே சர்க்கரையை 1913ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் லியோனார் மிக்காயெலிஸ் என்பவரும், கனடாவிலிருந்து வந்த மருத்துவப் பட்டதாரியான மாட் மென்டன் அம்மையாரும் மீண்டும் எடுத்துக்கொண்டனர். இம்முறை சர்க்கரையைச் சிதைத்தது அமிலமன்று. இன்வெர்ட்டேஸ் என்னும் நொதி. நொதி முதலில் சர்க்கரையோடு ஒட்டி ஓர் இடைநிலைக் கூட்டுப்பொருள் ஆகிறது. பின்னர் அது பிரிந்து விளைபொருளைத் தருகிறது என்று கொண்டால், அளந்த எண்கள் அனைத்தும் பொருந்தி வருவதை அவர்கள் காட்டினர். உயிர்வேதியியல் பயிலும் மாணவர் இன்றும் முதலில் கற்கும் சமன்பாடு அவ்விருவர் பெயரால் வழங்குவதே. ஆனால் அந்த இடைநிலைப் பொருளை அவர்கள் கண்டார்களா? இல்லை. அது கணக்கில் மட்டுமே இருந்தது. கண்ணுக்குத் தெரியுமுன் தோன்றி மறையும் ஒன்றை எவ்வாறு பிடிப்பது?

இங்கே தடையாய் நின்றது கண்ணும் அன்று, கடிகாரமும் அன்று. கலத்தல் என்னும் எளிய செயலே தடை. இரு நீர்மங்கள் ஒன்றோடொன்று கலக்கும்போதுதான் வினை தொடங்குகிறது. கலந்து முடிவதற்குள் வினையும் முடிந்துவிடுமானால், அதன்பின் அளப்பதற்கு எதுவும் எஞ்சுவதில்லை. ஆகவே, ஒரு வினையைப் பற்றி மனிதன் அறியக்கூடிய எல்லையை அவன் எத்துணை விரைவாக இரு நீர்மங்களைக் கலக்க வல்லவன் என்பதே வரையறுத்தது.

கலத்தலைப் பற்றிய அடிப்படை உண்மை அதற்கு முன்னரே ஒரு பொறியியல் பேராசிரியரால் வெளிப்பட்டிருந்தது. மான்செஸ்டர் நகரில் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் 1883ஆம் ஆண்டில் நீர்த்தொட்டி ஒன்றினுள் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, அதன் வாயில் சாயத்தை மெல்லிய இழையாகச் செலுத்தினார். நீர் மெதுவாக ஓடியபோது சாய இழை குழாயின் மறுமுனை வரை நேர்கோடாகவே சென்றது. நீரின் வேகத்தைக் கூட்டியபோது ஒரு கட்டத்தில் இழை திடீரெனக் குலைந்து, சுழிகளாகச் சிதறிக் குழாய் முழுதும் நிறம் பரவியது. முன்னதை வரிச்சீர் ஓட்டம் என்றும் பின்னதைச் சுழிப்பு ஓட்டம் என்றும் கூறலாம். எது எப்போது நிகழும் என்பதை நீர்மத்தின் வேகம், குழாயின் அகலம், அடர்த்தி, பாகுநிலை ஆகிய நான்கையும் சேர்த்த ஓர் எண் முடிவு செய்கிறது. குழாய்களில் அவ்வெண் ஏறத்தாழ 2,000க்குக் கீழே இருந்தால் ஓட்டம் அமைதி காக்கும். அதனை நன்கு கடந்தால் கொந்தளிக்கும். தேநீர்க் கடைக்காரர் ஒரு குவளையிலிருந்து மறு குவளைக்கு உயரத் தூக்கி ஆற்றும்போது நிகழ்வது இந்தக் கொந்தளிப்பே. பாலும் தேயிலைச் சாறும் ஒரு நொடியில் ஒன்றாவது அதனால்தான்.

இவ்வுண்மையைக் குருதியின் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தியவர்கள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் உடலியல் அறிஞர்களான ஹாமில்ட்டன் ஹார்ட்ரிட்ஜும் பிரான்சிஸ் ரௌட்டனும் ஆவர். நுரையீரலின் நுண்ணிய நாளங்களைக் குருதி கடந்து செல்வதற்கு ஒரு வினாடியும் ஆவதில்லை. அந்த இடைவெளிக்குள் குருதியிலுள்ள ஹீமோகுளோபின் உயிர்வளியைப் பற்றிக்கொள்ள வேண்டும். அது எவ்வளவு விரைவில் பற்றுகிறது என்பதை அதுவரை ஒருவராலும் அளக்க முடிந்ததில்லை. குடுவையில் இரண்டையும் கலந்தால், கலக்கியவர் கையை எடுக்குமுன் நிறம் மாறி முடிந்துவிடும்.

அவர்கள் 1923ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை, எண்ணிப் பார்ப்போருக்கு இன்றும் வியப்பூட்டுவது. ஹீமோகுளோபின் கரைசலை ஒரு கலத்திலும் உயிர்வளி கரைந்த நீரை மற்றொரு கலத்திலும் வைத்து, இரண்டையும் அழுத்தத்தால் உந்திச் சிறியதொரு கலப்பறைக்குள் நுண்துளைகள் வழியே பீச்சினர். கொந்தளித்துக் கலந்த நீர்மம் அங்கிருந்து நீண்ட கண்ணாடிக் குழாய் வழியே விரைந்து வெளியேறியது. இங்கேதான் நுட்பம் உள்ளது. குழாயில் நீர்மம் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். கலப்பறையிலிருந்து 1 சென்டிமீட்டர் தொலைவிலுள்ள நீர்மம் கலந்து ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி, அதாவது 1 மில்லி வினாடி ஆகியிருக்கும். 5 சென்டிமீட்டர் தொலைவில் 5 மில்லி வினாடி. நீர்மம் ஓடிக்கொண்டே இருப்பினும், குழாயின் ஒவ்வோர் இடத்திலும் வினையின் ஒரு குறிப்பிட்ட வயது மாறாது நிலைத்து நிற்கிறது. அளப்பவர் அவசரப்பட வேண்டியதில்லை. குழாயின் ஓரிடத்தில் நிறமாலை நோக்கியைப் பொருத்தி, ஹீமோகுளோபின் எவ்வளவு உயிர்வளி ஏற்றது என்பதை அதன் நிறப்பட்டைகளின் இடப்பெயர்ச்சியால் அமைதியாகக் குறித்துக்கொள்ளலாம். பின்னர் கருவியை அடுத்த இடத்திற்கு நகர்த்தலாம். பிடிக்க முடியாத நேரத்தை அளவுகோலால் அளக்கத்தக்க நீளமாக மாற்றிவிட்டனர். மின்னணுக் கருவி ஒன்றும் இல்லாத காலத்தில் மனிதக் கண் மில்லி வினாடிகளை அளந்தது இவ்வாறுதான்.

இம்முறைக்கு விலை இருந்தது. அளப்பவர் நிதானமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் வரை நீர்மம் பெருகி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, உள்விட்டம் 2 மில்லிமீட்டர் உள்ள குழாயில் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடும் நீர்மம் வினாடிக்கு 31 மில்லிலிட்டர் செலவாகும். நிமிடத்திற்கு ஏறத்தாழ 2 லிட்டர். கொந்தளிப்பு வேண்டுமாயின் குழாய் ஓரளவு அகன்றும் ஓட்டம் விரைந்தும் இருக்க வேண்டும். இந்த எடுத்துக்காட்டில் ரெனால்ட்ஸ் எண் 20,000. இறைச்சிக்கூடத்திலிருந்து குருதியை வாளி வாளியாகப் பெறலாம். ஆகவே ஹீமோகுளோபினை ஆராய்வோருக்கு இது பெருங்குறையாகப் படவில்லை. மற்றப் பொருள்களை ஆராய விரும்பியோர் என்ன செய்வது? ஒரு கட்டி வேரிலிருந்தோ ஒரு தசைத்துண்டிலிருந்தோ பல நாள் பாடுபட்டுப் பிரித்தெடுக்கும் ஒரு துளி நொதியை இக்குழாய் ஒரு கணத்தில் விழுங்கிவிடும். செல்வர் வீட்டுக் கருவி என்று இதனைக் கூறினால் மிகையாகாது.

எனினும் அந்தக் குழாய் ஈன்ற பயன் சிறிதன்று. ஹீமோகுளோபினும் உயிர்வளியும் கூடுவது நுரையீரலுக்குத் தேவையான விரைவினும் மிக விரைவாகவே நடைபெறுகிறது என்பது உறுதியாயிற்று. கரியமிலவாயுவின் செய்தியோ வேறாக இருந்தது. குருதியில் அது பெரும்பாலும் பைகார்பனேட்டாகக் கரைந்து வருகிறது. நுரையீரலில் மீண்டும் வாயுவாகி வெளியேற வேண்டும். அந்த மாற்றம் தானே நிகழ விட்டால், குருதி நுரையீரலில் தங்கும் ஒரு வினாடிக்குள் முடியாது என்று அளவைகள் காட்டின. மனிதனோ மூச்சுவிட்டுக்கொண்டுதான் இருக்கிறான்! அவ்வாறாயின் குருதியில் இவ்வினையை விரைவிக்கும் பொருளொன்று மறைந்திருக்க வேண்டும். மெல்ட்ரம் என்பவரோடு சேர்ந்து தேடிய ரௌட்டன் 1933ஆம் ஆண்டில் அதனைச் சிவப்பணுக்களில் கண்டறிந்தார். கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்று பெயர் பெற்ற அந்நொதி, அறியப்பட்ட நொதிகளுள் மிக விரைவாகச் செயற்படுவனவற்றில் ஒன்று. விரைவை அளந்ததனாலேயே ஒரு பொருளின் இருப்பை உய்த்துணர்ந்த நிகழ்ச்சி இது; வேதியியல் வரலாற்றில் இதனைப் போன்ற அழகிய நிகழ்ச்சிகள் சிலவே.

பொருட்செலவைக் குறைக்கும் முயற்சி கேம்பிரிட்ஜிலேயே தொடங்கியது. புகழ்பெற்ற இயற்பியலறிஞர் இராபர்ட் மில்லிக்கனின் மகன் கிளென் மில்லிக்கன், கண்ணுக்குப் பதிலாக ஒளிமின்கலத்தைப் பொருத்திக் குழாயையும் சிறிதாக்கினார். 1930களில் தசையிலுள்ள ஹீமோகுளோபினை அவர் ஆராய முடிந்தது அதனால்தான். மலையேற்றத்தில் பெருவிருப்புடைய அவர் 1947ஆம் ஆண்டில் பாறையேறும்போது நேர்ந்த விபத்தில் இளமையிலேயே மறைந்தார்.

அந்த ஆய்வு மரபில் பயின்று அமெரிக்கா திரும்பிய பிரிட்டன் சான்ஸ் 1940ஆம் ஆண்டில் மற்றொரு வழியைக் காட்டினார். நீர்மம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமா? இரு பீச்சுக்குழல்களால் ஒருமுறை உந்திக் கலந்து, ஓட்டத்தைச் சட்டென நிறுத்திவிட்டு, நின்ற நீர்மத்தில் நிகழும் நிறமாற்றத்தை மின்கருவியால் பதிவு செய்தால் சில துளிகளே போதுமே! நிறுத்த ஓட்ட முறை எனப்படும் இது, நீளமாக மாற்றிய நேரத்தை மீண்டும் நேரமாகவே அளக்கும் முறை. விரைந்து பதியும் மின்னணுக் கருவிகள் வந்துவிட்டமையால் அது இயன்றது. 1943ஆம் ஆண்டில் சான்ஸ் பெராக்சிடேஸ் என்னும் நொதியையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் இவ்வகைக் கருவியில் கலந்து, நொதியும் வினைபொருளும் கூடிய இடைநிலைப் பொருள் தோன்றி வளர்ந்து மறைவதை நேரே பதிவு செய்தார். மிக்காயெலிசும் மென்டனும் கணக்கில் மட்டும் கண்ட பொருள் முப்பதாண்டுகளுக்குப் பின் கருவியில் தெரிந்தது. அவர்களின் கட்டுரை வெளிவந்த 1913ஆம் ஆண்டே சான்ஸ் பிறந்த ஆண்டு. இவர் 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் தங்கப் பதக்கம் வென்றவர் என்பதையும் மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. அறிவியலார் அறைக்குள் அடைந்து கிடப்போர் என்ற எண்ணம் மாறும்.

குவென்டின் கிப்சன் முதலியோர் 1950களிலிருந்து திருத்தியமைத்த நிறுத்த ஓட்டக் கருவி உலகெங்கும் உள்ள உயிர்வேதியியல் ஆய்வுக்கூடங்களில் பரவியது. அதன் எல்லையும் தெளிவாயிற்று. கலந்த நீர்மம் நோக்கும் இடத்தை அடைந்து நிற்பதற்கு ஏறத்தாழ 1 மில்லி வினாடி ஆகிறது. அந்த இருட்டு நேரத்திற்குள் நடந்து முடிவதை அக்கருவி காணாது. ஜெர்மனியின் மான்ஃபிரெட் ஐகன், கலத்தலையே விட்டொழித்து, சமநிலையிலுள்ள கரைசலின் வெப்பத்தையோ அழுத்தத்தையோ சட்டென மாற்றி, அது மீண்டும் சமநிலை எய்துவதை அளந்தார். இங்கிலாந்தின் நாரிஷும் போர்ட்டரும் ஒளிமின்னலால் வினையைத் தூண்டினர். மூவரும் 1967ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். பெருஞ்சாதனைகளே அவை. ஆனால் எல்லா வினைகளையும் வெப்பத்தாலோ ஒளியாலோ தொடங்கிவிட முடியாது. இரு பொருள்கள் சந்தித்தே ஆக வேண்டிய வினைகளுக்குக் கலத்தலைத் தவிர வேறு வாயில் இல்லை.

குழாயை மேலும் மேலும் சிறிதாக்கினால் என்ன? பொருட்செலவு குறையுமே என்று தோன்றும். இங்கேதான் இயற்கை ஒரு முட்டுக்கட்டையை வைத்திருந்தது. அகலம் பத்தில் ஒரு மில்லிமீட்டர் உள்ள வாய்க்காலில் நீர் வினாடிக்கு 1 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடினால், ரெனால்ட்ஸ் எண் 1 மட்டுமே. முன்பு கண்ட 20,000 எங்கே, இந்த 1 எங்கே! கொந்தளிப்பு என்பதே அங்கில்லை. இரு நீர்மங்களை அருகருகே விட்டால், ஒரு சாலையின் இரு தடங்களில் செல்லும் வண்டிகளைப் போலக் கலவாமல் கடைசி வரை ஓடும். சிறுமை செலவைக் குறைத்தது. அதே சிறுமை கலத்தலையும் கொன்றது. ஹார்ட்ரிட்ஜும் ரௌட்டனும் நம்பியிருந்த அடிப்படையே நுண்வாய்க்காலில் இல்லாமற்போயிற்று.

அந்த வாய்க்கால்களைச் செதுக்கும் கலை வேதியியலாரிடமிருந்து வரவில்லை. மின்னணுவியலார் சிலிக்கான் தகட்டில் ஒளியாலும் அமிலத்தாலும் நுண்கோடுகளைப் பொறிக்கக் கற்றிருந்தனர். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் டெர்ரியும் உடன் உழைத்தோரும் 1979ஆம் ஆண்டில், 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிலிக்கான் தகட்டில் ஒன்றரை மீட்டர் நீள வாய்க்காலைச் சுருளாகச் செதுக்கி, வாயுக் கலவைகளைப் பிரித்துக் காணும் கருவியை முழுமையாக அதில் அடக்கிக் காட்டினர். பத்தாண்டுக்கு மேல் அதனைப் பின்பற்றியோர் மிகச் சிலரே. பின்னர் 1990ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா-கைகி நிறுவனத்தில் பணியாற்றிய ஆன்டிரியாஸ் மான்ஸ் முதலியோர், ஓர் ஆய்வுக்கூடத்தின் வேலைகளையெல்லாம் ஒரே சில்லில் ஒடுக்கலாம் என்ற கருத்தைக் கணக்குகளோடு முன்வைத்தனர். அதன்பின்தான் இத்துறை துறையென நின்றது.

சிலிக்கானும் கண்ணாடியும் செதுக்குவதற்குத் தூய அறைகளும் பெரும்பணமும் வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழுவினர் 1998ஆம் ஆண்டில் விளக்கிய முறை அந்தக் கதவைத் திறந்துவிட்டது. வாய்க்காலின் வடிவத்தைக் கணிப்பொறியில் வரைந்து, கண்ணாடித்தாளில் அச்சிட்டு, அதனைக் கொண்டு ஒளியால் ஒரு மேட்டு அச்சை ஆக்குவர். ஒளி ஊடுருவும் சிலிக்கோன் ரப்பரைக் குழம்பாக அதன்மேல் ஊற்றிச் சுடுவித்தால், கெட்டியானபின் உரித்தெடுக்கலாம். அச்சின் மேடுகள் ரப்பரில் பள்ளங்களாக இருக்கும். கண்ணாடித் தகட்டோடு ஒட்டினால் வாய்க்கால் முடிந்தது. வரைபடத்திலிருந்து கருவி வரை ஒரு நாளுக்குள் முடியும் வேலை. அச்சு வார்ப்பவர் வீட்டில் பிறந்தவருக்கு இதில் புதுமை ஏதும் தெரியாமற்போகலாம். ஆனால் எளிய பல்கலைக்கழகங்களும் இத்துறைக்குள் நுழைய முடிந்தது இந்த வார்ப்பினால்தான்.

வாய்க்கால் கிடைத்துவிட்டது. கலத்தல்? கொந்தளிப்பு இல்லாத இடத்தில் எஞ்சியிருப்பது விரவல் மட்டுமே. அதாவது மூலக்கூறுகள் தாமே அலைந்து திரிந்து பரவுவது. அந்த அலைச்சலுக்கு ஒரு விந்தையான கணக்குண்டு. கடக்க வேண்டிய தொலைவு இருமடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். சிறிய மூலக்கூறு ஒன்று நீரில் 1 சென்டிமீட்டர் விரவ ஏறத்தாழ 14 மணி நேரம் ஆகும். 1 மில்லிமீட்டர் விரவ எட்டு நிமிடத்திற்கு மேல். பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு 5 வினாடி. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான 1 மைக்ரோமீட்டருக்கோ அரை மில்லி வினாடியே போதும். சர்க்கரையைக் கலக்காமல் விட்ட தேநீர் மேலே கசப்பதும் அடியில் தித்திப்பதும் இக்கணக்கினால்தான். ஆனால் அக்கணக்கையே திருப்பிப் பிடித்தால்? வாய்க்காலைச் சிறிதாக்கியதோடு நில்லாமல், அதற்குள் ஓடும் நீர்ம இழையையும் சிறிதாக்கினால், கொந்தளிப்பைக் காட்டிலும் விரைவாக விரவல் கலந்துவிடுமே!

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் நைட், ஆஸ்டின் முதலியோர் 1998ஆம் ஆண்டில் செய்தது அதுதான். சிலுவை வடிவில் நான்கு நுண்வாய்க்கால்கள் கூடும் இடத்தில், நடுவாய்க்காலில் வரும் கரைசலை இரு பக்கங்களிலிருந்தும் வரும் நீர்மங்கள் நெருக்கிப் பிழிந்தன. வரிச்சீர் ஓட்டமாதலால் நடு இழை குலையவில்லை. பக்க அழுத்தம் மிக மிக மெலிந்துகொண்டே சென்றது. மில்லிமீட்டரில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு வரை, அதாவது 50 நானோமீட்டர் வரை அதனை மெலியச் செய்தனர். பக்கத்து நீர்மத்திலுள்ள மூலக்கூறுகள் அவ்வளவு மெல்லிய இழைக்குள் புகுவதற்குப் பத்து மைக்ரோ வினாடிக்கும் குறைந்த நேரமே ஆயிற்று. மைக்ரோ வினாடி என்பது மில்லி வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. செலவழிந்த கரைசலோ நானோலிட்டர் அளவு. ஒரு மழைத்துளியில் பல்லாயிரம் நானோலிட்டர்கள் அடங்கும்! கலத்தலுக்குப் பகையென்று கருதப்பட்ட அமைதியான ஓட்டமே இங்குக் கலத்தலுக்குத் துணையாயிற்று. ரெனால்ட்ஸின் குழாயில் நேர்கோடாகச் சென்ற சாய இழை நூற்றுப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் ஒரு கருவியாக மாறியது.

கலந்த இழை வாய்க்காலில் தொடர்ந்து ஓடுகிறது. அதன் ஓரிடத்தில் எக்ஸ் கதிரையோ ஒளியையோ பாய்ச்சினால், கலந்தபின் கழிந்த குறிப்பிட்ட நேரத்தின் நிலை தெரியும். சற்றுத் தள்ளிப் பாய்ச்சினால் அடுத்த கணம் தெரியும். கேம்பிரிட்ஜ் குழாயின் அதே தந்திரம்! 1999ஆம் ஆண்டில் சைட்டோகுரோம் சி என்னும் புரதம், விரிந்த நிலையிலிருந்து மடிந்து உருக்கொள்வதன் தொடக்கத்தை எக்ஸ் கதிர்ச் சிதறலால் இவ்வகைக் கலப்பியில் ஆராய்ந்தனர். நிறுத்த ஓட்டக் கருவியின் இருட்டு நேரத்திற்குள் மறைந்திருந்த நிகழ்ச்சி அது.

மற்றொரு வழியும் தோன்றியது. கலிபோர்னியாவில் தோர்சன், குவேக் முதலியோர் 2001ஆம் ஆண்டில், எண்ணெய் ஓடும் நுண்வாய்க்காலில் பக்கத்திலிருந்து நீரைச் செலுத்தினால் அது ஒரே அளவான துளிகளாக அறுந்து வரிசையாகச் செல்வதைக் காட்டினர். சிக்காகோவில் ருஸ்தம் இஸ்மாகிலோவும் ஹெலன் சாங்கும் 2003ஆம் ஆண்டில் அத்துளிகளை வினைக்கலங்களாக்கினர். ஒவ்வொரு துளியும் ஒரு சோதனைக்குழாய். வளைந்து வளைந்து செல்லும் வாய்க்காலில் துளி ஓடும்போது, உள்ளிருக்கும் நீர்மம் நீள்வதும் மடிவதுமாக மாறி மாறிப் புரள்கிறது. தேநீர் ஆற்றும் அதே கடையின் மறுபுறத்தில் ரொட்டிச் சானாய் போடுபவர் மாவை விசிறி மெலிதாக்கி, மடித்து, மீண்டும் விசிறுவதைப் போன்றது இது. ஒவ்வொரு மடிப்பிலும் அடுக்குகள் இருமடங்காகி மெலிகின்றன. மெலிந்தபின் விரவல் தன் வேலையை நொடியில் முடித்துவிடுகிறது. கொந்தளிப்பின்றியே கலத்தல் நிகழ்கிறது. ஆர்.என்.ஏ.யை வெட்டும் ரிபோநியூக்ளியேஸ் என்னும் நொதியின் வினைவிரைவை மில்லி வினாடி நுட்பத்தில், நானோலிட்டர் அளவுக் கரைசல்களைக் கொண்டே அவர்கள் அளந்தனர்.

துளியினால் வேறொரு நன்மையும் உண்டு. வரிச்சீர் ஓட்டத்தில் வாய்க்காலின் நடுவிலுள்ள நீர்மம் விரைந்தும் சுவரை ஒட்டியது தேங்கியும் செல்லும். ஆகவே ஒரே இடத்தில் பல வயதுடைய நீர்மங்கள் கலந்து நிற்கும், நேரம் மங்கிவிடும். கேம்பிரிட்ஜ் குழாயில் கொந்தளிப்பு இக்குறையைத் தானே தீர்த்து வைத்தது. அங்கே அது கலக்கவும் செய்தது, எல்லா நீர்மத்தையும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஓடவும் செய்தது. நுண்வாய்க்காலிலோ துளி தன் நீர்மத்தை எண்ணெயுறைக்குள் கட்டிக் காப்பதால் அதன் வயது குழம்புவதில்லை.

இவற்றையெல்லாம் நோக்குவோர், நிறுத்த ஓட்ட முறையை வறுமையின் கண்டுபிடிப்பு என்றே மதிப்பிட வேண்டியுள்ளது. பொருள் போதாமையால் ஓட்டத்தை நிறுத்தினர். வாய்க்கால் போதிய அளவு சிறுத்தவுடன் மீண்டும் ஓடவிட்டனர். நுண்பாய்மவியலைப் புத்தம்புதியதெனப் புகழும் நூல்கள் ஹார்ட்ரிட்ஜையும் ரௌட்டனையும் ஒரு வரியிலேனும் குறிப்பிடாமற்போவது முறையன்று. அதேபோல், சில்லு வந்தபின் பழைய கருவிகள் வேண்டா என்பதும் தவறு. மெல்லிய வாய்க்காலில் ஒளி கடக்கும் தொலைவும் மெலிது. 1 சென்டிமீட்டர் கலத்தில் நன்கு தெரியும் நிறம், பத்தில் ஒரு மில்லிமீட்டர் வாய்க்காலில் நூறில் ஒரு பங்காய் வெளிறிவிடும். ஆகவே பெரும்பாலும் ஒளிரும் சாயங்களை நாட வேண்டியுள்ளது. சாயம் ஏற்காத பொருளுக்கு அவ்வழியும் இல்லை. புரதங்கள் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. ஒரு தூசு வாய்க்காலை அடைத்துவிடும். வார்ப்பதற்கு எளிதான சிலிக்கோன் ரப்பர் பல கரிமக் கரைப்பான்களில் ஊறி வீங்கிவிடுவதால், கரிம வேதியியலார் மீண்டும் கண்ணாடியையும் உலோகத்தையும் நாடினர். கிப்சன் வழிவந்த பீச்சுக்குழல் கருவிகள் ஆய்வுக்கூடங்களில் இன்றும் ஓய்வின்றி உழைப்பது இதனாலேயே.

வினையைக் காண்பதற்கு எழுந்த வாய்க்கால், வினையை நடத்துவதற்கும் பயன்படத் தொடங்கியது. 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டைக் குடுவையோடு ஒப்பிட்டால், பத்தில் ஒரு மில்லிமீட்டர் நுண்வாய்க்காலில் நீர்மத்தின் அளவுக்கு ஏற்ற சுவர்ப்பரப்பு அறுநூறு மடங்கிற்கும் மிகுதி. எனவே வினையில் பிறக்கும் வெப்பம் உடனே சுவர் வழியே வெளியேறிவிடும். குடுவையில் வெடிக்கவல்ல வினைகளும் வாய்க்காலில் அடங்கி நடக்கும். இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் சேம்பர்ஸ் 1999ஆம் ஆண்டில், வேதியியலார் அஞ்சி ஒதுங்கும் புளோரின் வாயுவையே நிக்கலில் வெட்டிய நுண்வாய்க்காலில் கரிமச் சேர்மங்களோடு வினைபுரியச் செய்தார்.

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஜுன்-இச்சி யோஷிதா இதனை மேலும் ஒரு படி கொண்டு சென்றார். லித்தியம் சேர்ந்த சில இடைநிலைப் பொருள்கள் தோன்றியவுடனே தம் அமைப்பை மாற்றிக்கொள்பவை. மூலக்கூறின் ஓரிடத்திலுள்ள தொகுதி மற்றோர் இடத்திற்குத் தாவிவிடும். அதற்கு ஒரு மில்லி வினாடியும் வேண்டாம். மாறுமுன் அவற்றைப் பிடித்து வேறொரு பொருளோடு சேர்த்தல் குடுவையில் இயலாத செயல். யோஷிதாவும் ஹீஜின் கிம் முதலிய துணைவரும் 2016ஆம் ஆண்டில், முதற் கலப்பு நிகழும் இடத்திற்கும் அடுத்த பொருள் நுழையும் வாயிலுக்கும் இடையே, நீர்மம் மில்லி வினாடிக்கும் குறைந்த நேரத்தில் கடக்கத்தக்க சிறு தொலைவை மட்டும் விட்டு ஒரு சில்லை அமைத்தனர். தாவ வேண்டிய தொகுதி தாவுமுன்னரே அடுத்த பொருள் வந்து சேர்ந்துவிட்டது. அம்முறையைக் கொண்டே குடற்புழுக்களை அழிக்கும் தன்மையுடைய சேர்மம் ஒன்றையும் அவர்கள் ஆக்கிக் காட்டினர்.